பதநீர் விட்ட மூச்சு

சேந்தமங்கலம்
23-4-1978

அன்பு மகன் குழந்தைவேலுவுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உங்கப்பாவின் தொடையைத் தவிர. அந்த நாக்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் என் கவலை.

உன் தங்கை தெய்வநாயகிக்கு வாழப்பாடியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம் என்று எழுதினேனே, போன வியாழக்கிழமை நானும் அப்பாவும் பேசி முடிக்கப் புறப்பட்டோம். வெறுங்கையோடு போவானேன் என்று பனையேறி ரங்கனிடம் பதநீர் வாங்கிக் கூஜாவில் ஊற்றி மூடியை இறுகத் திருகினேன். புளிக்காமலிருக்கத் தடவுகிற சுண்ணாம்பின் நெடி அடித்தால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள், கலயத்தில் பேருக்குத் தடவினால் போதும் என்று முந்தின நாளே ரங்கனிடம் சொன்னதும் நான்தான், இது அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சேலம் தாண்டியதும் அவர் மடியிலிருந்த கூஜாவின் மூடி டமாரென்று பறந்து பஸ் கூரையில் மோதியது, நுரையெல்லாம் அவர் வெள்ளைச் சட்டையில். கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க பெரியவரே, கள்ளுங்களா? போலீஸ் டேசன்ல நிறுத்தட்டுங்களா?” என்றார். ஊரில் மதுவிலக்குக் கூட்டத்துக்கெல்லாம் தலைமை தாங்குகிற மனுசன் துண்டால் சட்டையை மூடிக்கொண்டார். வாழப்பாடியில் பஸ் நின்றதும் குதித்து, சட்டையை அலசக் குழாயடிக்கு ஓடினார் பார், இருபது வருசத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பாதியிலேயே தொடை எரிகிறது என்று உட்கார்ந்துவிட்டார், மூச்சு துருத்தி மாதிரி வாங்குகிறது. தூக்கிவிட்டது யார் தெரியுமா, எங்களை அழைத்துப்போக வந்த மாப்பிள்ளை சுவாமிநாதனேதான். பின்னாலேயே கண்டக்டர் கூஜாவோடு வருகிறார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை சயின்ஸ் வாத்தியார் அல்லவா, கூஜாவை மோந்து சிரித்துவிட்டார். பதநீரில் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் இருக்கிறதாம், காற்று கிடைத்தால் சர்க்கரையை முழுக்க எரித்து நிறைய சக்தி எடுக்குமாம், இப்படி அடைத்துவைத்தால் காற்றில்லாமலே அரைகுறையாக உடைத்துக் கிடைக்கிற கொஞ்ச சக்தியில் பிழைக்குமாம், அதில் மிஞ்சுவதுதான் சாராயமும் மூடியைத் தள்ளிய வாயுவுமாம். “யாரும் காய்ச்சலீங்க, தானாப் புளிச்சதுங்க” என்று கண்டக்டரை அனுப்பிவிட்டு, கூஜாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். அப்பா தொடையிலும் அப்படித்தானாம், ஓடிய ஓட்டத்துக்கு மூச்சுக்காற்று போதாமல் தசையின் செல்களும் காற்றில்லாத வழியில் இறங்கிவிட்டனவாம். அப்பா பதறிப்போய், “அப்ப என்ற காலுக்குள்ளயும் கள்ளு ஊறுதுங்களா?” என்று கேட்டாரே! “இல்லீங்க, மனுசருக்கு அது லாக்டிக் அமிலமுங்க, சாராயம் வராதுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. மாமா என்று வாயில் வந்துவிட்ட பிறகு பேசி முடிக்க என்ன இருக்கிறது? வைகாசியில் முகூர்த்தம்.

லீவுக்கு இன்றே எழுதிக்கொடு சாமி. நோய்நொடி அண்டாமல் நூறு வருசம் நன்றாயிரு. ஒன்று மறக்காதே, பஸ்ஸில் வெடித்தது கோலி சோடா என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பதில் எழுதும்போது நீயும் சோடா என்றே எழுது, உன் கடிதத்தை முதலில் பிரிப்பவர் அவர்தான்.

உன் அம்மா
சௌந்திரம்