பச்சைமண்டையன் பேசாத பேச்சு

என் மாரியாயிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, கோபிக்காதே. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை, பேனாவையும் கத்தியைப் போலவே இறுக்கிப் பிடிக்கிறது. ஆனாலும் இது நானே எழுதியது. உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நீ போன பிறகு நம்முடைய இங்கிலீஷ் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். வானத்திலிருந்து பச்சைமண்டையர்கள் வந்து இறங்குவார்களே, அந்தச் சிரிப்புப் படம். கீழே ஓடும் தமிழை வாசித்துச் சொல்ல நீ இல்லை, சிரிப்பே வரவில்லை. அதற்காகத்தான் இந்த வயதில் டீச்சரம்மாவிடம் போய் 'அ' எழுதினேன்.

போன ஞாயிறு நானே வாசித்தேன். நம் மருமகள் செல்வி படத்தை நிறுத்தி நிறுத்தி விட்டாள்.

பச்சைமண்டையன் வண்டியை விட்டு இறங்குகிறான். நீ எப்படி வாசிப்பாய்? "ஏங்க, இங்க காலையில வேலப் பெரட்டுக்கு எத்தன மணிக்கு வந்து பேர் குடுக்கணும்?" கீழே இருப்பதோ, 'நாங்கள் சமாதானத்தை நாடி வந்துள்ளோம்.'

அடுத்து அவன் காலைத் தூக்கிக் குதிக்கிறான். "ஐயோ, அட்ட கடிக்குதே! கொஞ்சம் உப்பு குடுங்க!" என்பாய். கீழே, 'எங்கள் எரிபொருள் தீர்ந்துவிட்டது.'

"சீடிய மாத்திட்டியா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"அதே சீடிதான் மாமா. அத்த எங்க அதுல இருக்கிறத வாசிச்சாங்க? எல்லாம் அவங்களா சொன்னது. அதக் கேக்கத்தான லயத்துச் சனம் பூரா நம்ம வீட்டுல வந்து உக்காந்துச்சு."

"எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

"'மனுசன் நம்பிச் சிரிக்கிறாரு, கெடுத்துறாதீங்க'ன்னு அத்ததான் சொன்னாங்க."

நான் உன்னிடம் என்ன சொல்வேன், நினைவிருக்கிறதா? "பச்சமண்டையனுக்கு இருக்கிற வாய் ஒனக்கு இருக்குதா புள்ள? ஒரு சிரிப்புப் பேச்சு வருமா?"

"எனக்கு எங்கங்க அதெல்லாம் வரும்? நான் வாசிக்கத்தான செய்யிறேன்" என்று தேத்தண்ணி போடப் போய்விடுவாய். உள்ளே போய்ச் சிரித்தாயா? இல்லை, வலித்ததா?

உன் சாவு வீட்டிலும் வந்தவர்களிடம், "தங்கமான பொம்பள, ஆனா சிரிக்க வைக்கத் தெரியாதவ" என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அழுகையை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

அதனால்தான் இதைப் பேப்பரில் நினைவஞ்சலிப் பக்கத்துக்குக் கொடுக்கிறேன். பச்சைமண்டையன் சொன்னதாகப் பதுளை பஸ்ஸில் நான் சொல்லித் திரிந்ததெல்லாம் நீ சொன்னது. கேட்டவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நேற்று லயத்து ஆட்களை மறுபடி கூப்பிட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, உன் பேச்சை நான் பேசினேன். அட்டை கடிக்கும் இடத்தில் வீடே சிரித்தது. ஆனால் படத்தில் ஜனாதிபதி வரும் இடத்தில் நீ சொன்னது மறந்துபோயிற்று. ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள். எதுவும் உன்னுடையதாக இல்லை. கீழே எழுதியிருந்ததை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தை அப்படியே ஓடவிட்டேன்.

மிச்சமும் மறப்பதற்குள் நீ சொன்ன எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். வாரத்துக்கு ஒரு பக்கம்தான் கை வருகிறது, அடுத்த ஞாயிறும் உட்காருவேன். அதற்குள் அந்த ஜனாதிபதி பேச்சைக் கனவிலாவது வந்து சொல்லிவிடு. இந்த முறை உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

பக்கத்தில் நீ இருக்க, டிவியைப் பார்த்துச் சிரித்த உன் வீட்டுக்காரன்,
பெரியசாமி
ஸ்பிரிங்வெளித் தோட்டம்