வால் ஓரத்துப் பெருக்கல் குறி

ஆம்பூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு.

அன்பு மகள் நிஷாவுக்கு, சித்தப்பா தேவசகாயம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உன் மெர்சி சித்தி, அவளுடைய முழங்கால் வலி மூன்று பேரும் ஒரே வீட்டில் சுகமாக இருக்கிறோம். அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவதால், மூன்றாவது பெஞ்ச் என்று உன் சித்தி அடுப்பங்கரையிலிருந்து திருத்துகிறாள். முதல் இரண்டு பெஞ்சும் காலியாகத்தான் கிடக்கிறது, அப்படியானால் உட்கார்ந்தவர்களில் நான்தானே முதல், நீயே சொல்.

போன வாரம் எங்கள் தோல் கம்பெனிக்கு விருது கிடைத்த செய்தியை எனக்கு அனுப்பி, சித்தப்பா, மனிதக் கையே படாமல் மெஷினே தோலைத் தரம் பிரிக்கிறதாமே, அப்படியானால் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், வேலை இருக்கிறதா போய்விட்டதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. போனில் எதைச் சொன்னாலும் நாலு பேர் கேட்கிறார்கள். உன் சித்தியின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்று வாய் தவறிச் சொன்னேன், மூன்று நாள் அந்த போன் எனக்கு எண்ணெய் விற்றது. கவரில் போட்டு ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. என் கையெழுத்தைப் படிக்கிற பொறுமை ஊரில் உன் ஒருத்திக்குத்தான் உண்டு.

உனக்குத் தெரியாததல்ல, தோலைத் தரம் பிரிக்கிற அந்த செலக்‌ஷன் டேபிளில் நாங்கள் ஆறு பேர். நான் முப்பத்தொரு வருஷம், ரஃபி அகமது இருபத்தொன்பது. எட்டாம் வகுப்போடு நான் நின்றபோது ஹெட்மாஸ்டர் அழுதார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அந்த மூளை அத்தனையும் கட்டைவிரலுக்கு இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவினால் போதும், ஆலங்காயம் காட்டோரம் முள்ளில் உரசின மாடா, நெமிலி வரப்பில் சுகமாக மேய்ந்த மாடா, சொல்லிவிடுவேன். ஒரு தடவை மாட்டின் பெயரையும் சொன்னேன், யாரும் நம்பவில்லை. தரம் பார்த்ததும் தோலின் வால் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு அடையாளம் போடுவோம். எண் போட்டால் வாங்க வருகிற ஏஜென்ட் எட்டிப் பார்த்து விலை பேசுவான் என்று எங்களுக்கு முந்தின ஆட்கள் ஏற்படுத்திய வழக்கம் இது. பெருக்கல் குறி போட்டால் முதல் தரம், இரண்டு கோடு இரண்டாம் தரம், சுழி மூன்றாம் தரம், ஒன்றும் போடாவிட்டால் கழிவு. டேபிள் ஆட்கள் ஆறு பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது வெறும் தூசி. முதலாளிக்கும் தூசிதான்.

போன வருஷம் சின்ன முதலாளி வெளிநாடு போய் வந்தார், வரும்போது மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மெஷின் என்றால் என்ன, ஒரு கண்ணாடி டேபிள், மேலே நாலு கேமரா, பக்கத்தில் ஒரு டி.வி. அதற்கு மாலை, எலுமிச்சம்பழம், தனி அறை, ஏசி. பதினொரு வருஷமாக நாங்கள் ஒரு ஃபேன் கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரையும் நிற்க வைத்து ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்து சின்ன முதலாளி பேசினார். இந்த மெஷின் வருஷா வருஷம் தேயுமாம், அந்தத் தேய்மானத்தை அவர் வரியில் கழித்துக்கொள்ளலாமாம், அது போக மானியம் வேறு வருமாம். நிஷா, என் இரண்டு முழங்காலும் ஒரு கட்டைவிரலும் அந்த ஷெட்டில் தேய்ந்ததற்கு எந்த ஆபீசில் கழிக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கொடுத்த அதே பிஸ்கட்டை நான் கடையில் வாங்கினால் அதற்கும் வரி, உன் சித்தியின் எண்ணெய்க்கும் வரி, அந்த எண்ணெயை விற்ற போனுக்கும் வரி. கணக்குப் பார்த்தால் நாட்டை நடத்துவதே நானும் ரஃபியும்தான், ஆனால் கொடி வைத்த காரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

பெங்களூரிலிருந்து இளம்பரிதி என்று ஒரு எஞ்சினியர் வந்தான், நல்ல பிள்ளை, சாப்பாட்டு நேரத்திலும் காதில் போன். மூன்று மாதம் நாங்கள் தரம் பார்த்து முடித்த தோல்களை ஒவ்வொன்றாக மெஷினுக்குக் காட்டிப் படம் எடுத்தான். அப்புறம் ஒரு நாள் பரீட்சை. நாங்கள் பார்த்து வைத்த நூறு தோல், அதில் தொண்ணூற்றெட்டுக்கு நாங்கள் சொன்னதையே மெஷினும் சொல்லிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், ஏன் தட்டினேன் என்று தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை ரஃபி, அருணகிரி, இன்னும் மூன்று பேர், ஐந்து பேரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். என்னை மட்டும் தோலை எடுத்து விரிக்கவும் கண்ணாடி துடைக்கவும் வைத்துக்கொண்டார்கள். உனக்கு அப்போது நான் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன் என்று போனில் சொன்னது இதைத்தான். கண்ணாடியைச் சூப்பர்வைஸ் பண்ணினேன்.

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. நான் அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்றைக்கு மட்டும் வந்த தோல் அத்தனையையும் கழிவு என்று சொல்லிவிட்டது. சின்ன முதலாளி தோல் மண்டிக்காரரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினாராம். மறுநாள் நான் போனேன், மெஷினுக்குப் புத்தி வந்துவிட்டது. அடுத்த மாதம் உன் சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கும் அதே கதை. இளம்பரிதி முதலில் சூடு என்றான், பிறகு வெளிச்சம் என்றான், கடைசியில் டேட்டா இன்னும் ஜாஸ்தி வேண்டும் என்றான். நான் அதற்கு என்மேல் ஒரு பாசம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் இளம்பரிதியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு தோலை விரித்தேன். வெண்ணெய் மாதிரி தோல், ஒரு உண்ணிக் கடி கிடையாது. மெஷின் கழிவு என்றது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் பேச்சு சுவாரஸ்யத்தில் வால் ஓரத்தில் குறி போடாமல் விட்டிருக்கிறேன். ஆமாம் நிஷா, துடைக்க வைத்தாலும் கை சும்மா இருக்குமா, முப்பத்தொரு வருஷப் பழக்கம், எடுத்து விரிக்கிற தோலுக்கெல்லாம் என்னை அறியாமல் குறி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் போன பிறகு அதே தோலில் பெருக்கல் குறி போட்டு வைத்தேன், முதல் தரம் என்றது. ஒரு கிழிந்த சிமெண்ட் சாக்கை விரித்து மூலையில் பெருக்கல் குறி போட்டேன், முதல் தரம், தொண்ணூற்றொன்பது சதவீதம் நிச்சயம் என்றது. சின்ன முதலாளியின் கோட்டு நாற்காலியில் தொங்கியது, அதையும் ஒன்றும் போடாமல் வைத்துப் பார்த்தேன். கழிவு. கோடி ரூபாய் மெஷின் மூன்று மாதமாகப் படித்தது தோலை அல்ல, என் சாக்பீஸை. இரண்டு கோடி என்று வைத்துக்கொள், இன்னும் நன்றாக இருக்கும்.

இனி சொல்லப்போவதை மட்டும் கூட்டாமல் எழுதுகிறேன், உன் சித்திக்குக்கூடத் தெரியாது, வாய் திறக்காமல்தான் எழுதுகிறேன். இது தெரிந்த பிறகு மூன்று வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாக்பீஸைத் துடைத்துவிட்டு மெஷினுக்குப் புதுப் பாடம் எடுப்பார்கள், நானும் வெளியே போவேன் என்று பயம். ஐந்து பேர் வீட்டில் என்ன அடுப்பு எரிகிறது என்று கேட்காமல் மூன்று வாரம் குறி போட்டேன். ஒரு முகூர்த்த நாளில் வாணியம்பாடி ரோட்டு மண்டபம் ஒன்றில் விருந்துக்குப் போனேன், கார் நிறுத்துகிற இடத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். ரஃபி அகமது. தடவிப் பார்த்தே தோலின் வயதைச் சொல்கிற விரல், யாரோ ஒரு பணக்காரப் பையனின் காருக்கு ரைட்டு ரைட்டு என்று ஆடுகிறது. நான் பந்திக்குப் போகாமல் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அன்றைக்கே டீக்கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிமெண்ட் சாக்குக் கதையைக் கேட்டு டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார், “தோஸ்த், நீ அதுக்கு பிட்டு குடுத்துனு இருக்கே. பரீட்சையில பாத்து எழுதனவன் பாஸு, எழுதிக் காட்டன நாங்க ஃபெயிலா?” அப்புறம் அந்த விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மெஷினைச் சோதிக்க விருதுக்காரர்கள் என்றைக்கு வருகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

வந்தார்கள். சென்னையிலிருந்து நாலு கார், கூட தோல் வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர். நாற்பது கார் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். சின்ன முதலாளி அவர்களுக்கு முன்னால் நின்று, மனிதக் கையும் படாது, மனிதத் தவறும் வராது என்று இங்கிலீஷில் சொன்னார். நான் அன்றைக்கு சாக்பீஸ் இல்லாமல் வெறும் கையோடு போயிருந்தேன். முதல் தோலை விரித்தேன், கழிவு. இரண்டாவது, கழிவு. பன்னிரண்டு தோல் ஆயிற்று, அந்த ஏசியிலும் சின்ன முதலாளியின் காதோரம் வியர்த்தது. இளம்பரிதி எதை எதையோ அமுக்கிக்கொண்டிருந்தான். சின்ன முதலாளி என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், “இன்னா தேவசகாயம், நீ இருந்தா சரியா நடக்குமே, இன்னிக்கு இன்னாச்சு?” என்றார்.

நான் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கதவைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமில்லீங்க சின்ன மொதலாளி, அது ஆறு பேரோட இருந்து பழகன மெஷினு. அந்த அஞ்சு பேரும் வந்தா அதுக்குத் தைரியம் வந்துடும்” என்றேன்.

அவர் உடனே அவர்களைக் கூப்பிடச் சொன்னார். காரணம் கேட்கவில்லை, நிஷா. பணக்காரர்களிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அது, தெரிந்துகொண்டால் செலவாகும் என்றால் தெரிந்துகொள்ள மாட்டார்கள். விருந்தாளிகளிடம் மெஷின் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது, அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று கூட்டிப் போனார். அவர்கள் முந்திரிப்பருப்பு தின்று முடிப்பதற்குள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள், ரஃபியின் கழுத்தில் விசில் கயிறு அப்படியே தொங்கியது. சேதி சொல்லி வைத்திருந்ததால் ஆளுக்கொரு சாக்பீஸ் கொண்டுவந்திருந்தார்கள். அறைக்கு வெளியே ஆறு பேரும் தோல்களைத் தடவிப் பார்த்துக் குறி போட்டோம், உள்ளே மெஷின் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னது. விருதுக்காரர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு மெஷினைத் தட்டிக் கொடுத்தார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், வேலை இருக்கிறது, ஆறு பேருக்கும் இருக்கிறது. செலக்டர் என்ற பெயர்தான் இல்லை, ரிஜிஸ்தரில் எல்லோரும் மெஷின் துடைக்கிறவர்கள், சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம் கம்மி. ரஃபி பரவாயில்லை என்கிறார், அருணகிரி பேஜாராகி நாலு நாள் பேசவில்லை, பிறகு வந்தார். ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கே தெரியவில்லை, வெளியில் ஜெயித்ததாகத்தான் சொல்கிறேன். சின்ன முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன மாதம் டேபிள் பக்கம் வந்தவர் தோலைப் பார்க்காமல் வால் ஓரத்தையே பார்த்தார், பிறகு ஒன்றும் நடக்காதது போல, “சாக்பீஸை வெளிய வாங்காதே, நம்ம ஸ்டோர்லயே எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோரில் அதை மெஷின் உதிரிபாகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் வரியில் கழிவு உண்டோ என்னவோ.

இளம்பரிதி கெட்டிக்காரன், காதிலிருந்து போனை எடுக்கிற அன்றைக்கு வால் ஓரத்தைப் பார்ப்பான். அதுவரை எங்களுக்கு வேலை. நீயும் அங்கே மெஷின்களுக்குப் பரீட்சை வைக்கிற வேலையில்தான் இருக்கிறாய். இந்த ரகசியத்தை அங்கே யாரிடமும் உடைத்துவிடாதே. ஆனால் எந்த மெஷினாவது உன் முன்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினால் உடனே கை தட்டிவிடாமல், பிட்டு கொடுத்தது யார், அந்த ஆள் இப்போது எந்த மண்டபத்து வாசலில் விசில் ஊதுகிறார் என்று ஒரு வார்த்தை கேள். நான் கை தட்டினது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வராதே. மாப்பிள்ளையிடம் நான் ரொம்பக் கேட்டதாகச் சொல். பணம் அனுப்புகிறேன் என்று மறுபடியும் சொல்லாதே, அனுப்புவதானால் சித்திக்கு எண்ணெய் வாங்கி அனுப்பு, அந்த ஊரில் எந்தப் போன் விற்கிறதோ அதில். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடிதத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும், தூசி என்று தட்டிவிடாதே. உன் அப்பா போன பிறகு ஆறு வயதில் நீ இந்த வீட்டுக்கு வந்தாய், அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய குறி அது. இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
சூ. தேவசகாயம்,
மெஷின் துடைப்பவர் (முதல் தரம்)