ரேடியோவைக் கூட்டி வைக்கச் சொன்ன அம்மாவுக்கு

அன்பும் கோபமும் சரிபாதியாக என் அம்மாவுக்கு,

சரிபாதி என்பது பொய். இன்றைக்குக் கோபம்தான் அதிகம். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு திவசத்துக்கும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுததோடு சரி, மனதில் இருந்ததைச் சொன்னதில்லை. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாதாம். இருக்கும்போதும் சொல்ல விடவில்லை, போன பிறகும் கூடாதென்றால் எப்போதுதான் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டேன். உங்களால்தான்.

என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட வேலையை விடவில்லை, பயப்படாதீர்கள். உளவளத்துணையாளர் ஆவதற்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு கொழும்புக்குப் போய் வருகிறேன். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் சொல்வதைப் பக்கத்தில் இருந்து கேட்கிற வேலை அது. "கேக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று அப்பா சிரித்தார். நீங்களும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்திருப்பீர்கள்.

போன மாதம் செய்முறைப் பரீட்சை நடந்தது. மூன்று மூன்று பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், ஒருவர் துணையாளராக இருந்து கேட்க வேண்டும், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். எனக்கு முன்னால் உட்கார்ந்தது கண்டியிலிருந்து வருகிற நிஷா. அப்பாவின் சாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பரீட்சைக்காகத் தொடங்கியவள் பாதியில் உண்மையாகவே அழுதுவிட்டாள். நான் நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடம் வகுப்பில் பேசிப் பழகிய வாய் அல்லவா?

எங்களை மேற்பார்வை செய்கிற மேடம் மட்டக்களப்புக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். எங்கள் பேச்சின் ஒலிப்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். நிஷாவின் குரல் உடைகிற இடமெல்லாம் என் குரல் ஏறுகிறது. "சரி, சரி, அழாதீங்க." "தண்ணி குடிங்க." "அவரு நல்ல சாவு செத்திருக்காரும்மா." ஐந்து இடங்களில் அவள் அழுகிறாள். ஐந்திலும் கேட்பது என் சத்தம்தான்.

"சுமதி, அந்தப் பிள்ளை அழத் தொடங்கின உடனே நீங்க கதைக்கத் தொடங்குறீங்க," என்றார் மேடம். "அழுகையக் கேக்க உங்களுக்கு ஏலாம இருக்கு. அத மூடப் பாக்குறீங்க. இப்பிடியே உங்கள உண்மையான ஆக்களுக்கு முன்னால இருத்த நான் கையெழுத்து வைக்க மாட்டன். அடுத்த மாசம் இன்னொருக்காப் பாப்பம்."

அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் இத்தனை நாள் படிப்பும் அங்கேயே நின்றுவிடும். திரும்பி வருகிற பஸ்ஸில் போனைக் காதில் வைத்து அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கினிகத்தேனை தாண்டி ஏற்றம் ஏறும்போதுதான் பிடிபட்டது, இந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று. அது நம் வீட்டு ரேடியோ அம்மா.

உங்களுக்குத் தெரியாததில்லை, வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கும், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். ஒருத்தி அடிவாங்கினாலும் ஆறு வீட்டுக்கும் கேட்கும். அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த மரியாதைதான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது அவள் தலைகுனியாமல் இருக்க. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் சித்தியை அவர் புருசன் அடிக்கும்போது நீங்கள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டுவீர்கள். "சுமதி, பாட்டக் கூட்டி வையி. காதுல வாங்காமப் படி." நான் எழுந்து போய்த் திருகுவேன். அப்பா உங்களை அடிக்கும்போது அந்தப் பக்கத்து ரேடியோ ஏறும். வாய்ப்பாடு முழுவதையும் அந்தச் சத்தத்தில்தான் மனப்பாடம் செய்தேன். பரிசெல்லாம் வாங்கினேன். காதில் வாங்காமல் படிப்பதில் இந்தத் தோட்டத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

உங்கள் கடைசி வாரத்தையும் சொல்லிவிடுகிறேன். நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், என்னைவிட இளைய சிங்களப் பெண், விலா எலும்பில் இரண்டு பழைய முறிவு இருக்கிறது என்றார். யாராவது அடித்தார்களா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களே ஒரு பார்வை. "மலையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு." நானும் "லிஸ்ஸலா வெட்டுணா" என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் உங்கள் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். நாலு இடத்தில் பேச உதவும் என்று என்னைச் சிங்களம் படிக்க வைத்ததே நீங்கள்தான். நன்றாக உதவியது.

அப்பா அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு புருசன் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று அடுத்த கட்டில்காரி சொன்னாள். நீங்கள் தலையாட்டினீர்கள். அதை எப்படி அம்மா உங்களால் ஆட்ட முடிந்தது?

சரி, வீட்டு நிலவரம் சொல்கிறேன். ரேடியோ போய் டீவி வந்துவிட்டது. பாக்கியம் சித்தியின் புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வேலையை மகன் ரவி பார்க்கிறான். பிழைப்புக்கு ஆட்டோ ஓட்டுகிறான். டயகமவிலிருந்து செல்வி என்று ஒரு பெண்ணைக் கட்டி வந்திருக்கிறான். குடிப்பதும் இல்லை. குடியின் மேல் பழி போடவும் வழியில்லாமல் வெறும் வயிற்றோடு அடிக்கிறான்.

நான் பரீட்சையில் விழுந்த அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு போட்டு உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது, பிறகு செல்வியின் குரல். அப்பா சோற்றுக் கையை நக்கிவிட்டு இடது கையால் ரிமோட்டை எடுத்தார். டீவிச் சத்தம் ஏறியது. அதுவும் யார், அப்பா! உங்களை அடித்த அதே ஆள், அடுத்த வீட்டு மரியாதையைக் காப்பாற்றுகிறார்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

வீடு அமைதியாகிவிட்டது. அந்தப் பக்கமும் அடி நின்றது. ரவியின் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

"என்னா, ஏன் டீவிய நிப்பாட்டுனீங்க?"

கேட்டீர்களா அம்மா? அவனுக்குக் கோபம்! அவன் அடிப்பதற்கு நாங்கள் பாட்டுப் போடவில்லையாம். இத்தனை வருடம் நாம் அந்தப் பெண்களுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். காப்பாற்றியது யாரை என்று அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புரிந்துபோனது.

சாயங்காலம் பாக்கியம் சித்தி வாசலில் வந்து நின்று திட்டினார். "நீ டீச்சருன்னா உன் பள்ளிக்கூடத்தோட இருக்கணும். உங்கம்மா இருந்தா இப்படிச் செய்வாளா? அவ மானஸ்தி. உங்கப்பன் கைய ஓங்குறதுக்கு முந்தியே ஊதாங்குழலால செவுத்துல ரெண்டு தட்டு தட்டுவா. நான் உடனே ரேடியாவக் கூட்டிருவேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, இருவது வருசம்."

அவர்களாகக் கூட்டி வைத்தார்கள் என்றுதானே நினைத்திருந்தேன். கேட்டு வாங்கினீர்களா? அடி விழப் போகிறது, என் அழுகையை மூடு என்று நீங்களே சொல்லி அனுப்பினீர்களா? கையில் இரும்புக் குழல் இருந்தது அம்மா. சுவரைத் தட்டத்தானா அது? உங்கள்மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு உங்கள் படத்துக்கு விளக்குக்கூட வைக்கவில்லை.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். செல்வி குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். கன்னத்தில் தடித்திருந்தது. என்னைக் கண்டதும் சீறினாள்.

"ஏங்க்கா நிப்பாட்டுனீங்க? இப்ப லயமே என்னையப் பாக்குது."

அதோடு உடைந்து அழுதாள். என் வாய் தானாகத் திறந்தது. 'சரி, சரி' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்தது, எடுத்து வைக்கக்கூடக் கையை நீட்டவில்லை. அவள் அழுதாள், நான் கேட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான், அதற்குப் புள்ளி போட அங்கே மேடம் இல்லை.

கடைசியில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அடியக்கூடத் தாங்கிக்கிறேங்க்கா. அடி விழறப்ப சுத்தி எல்லா வீட்லயும் பாட்டுச் சத்தம் ஏறுது பாருங்க, அதத்தான் தாங்க முடியல. உலகத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா அம்மா? நீங்களே தட்டிக் கேட்டு வாங்கிய பாட்டு என்றாலும் அப்படித்தான் இருந்ததா?

தெரிந்தவர்களுக்குத் துணையாளராக இருக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பில் சட்டம். லயத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? அந்தச் சட்டத்தை எழுதியவர் ஒரு நாளாவது நம் காம்பராவில் படுத்திருக்க வேண்டும். இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது, மீற மாட்டேன். ஹட்டனில் இந்த வேலை பார்க்கிற ஓர் அம்மாவைப் பற்றிச் செல்வியிடம் சொன்னேன். கூட நான் வருகிறேன், பக்கத்து வீட்டு அக்காவாக வருகிறேன் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். "அவன் கைய ஓங்குனா செவுத்துல ரெண்டு தட்டு தட்டு. எங்க வீட்டுச் சத்தத்த நிப்பாட்டிட்டு வாறேன்."

நேற்றுச் சாயங்காலம் தட்டினாள்.

இரண்டு தட்டு. அப்பாவின் கை பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போனது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"சுமதி, அது அடுத்த வீட்டு விசயம்."

"அம்மா வெலா எலும்பு யாரு வீட்டு விசயம்ப்பா?"

பதிலுக்கு நான் நிற்கவில்லை. வெளியே போய் அவர்கள் வாசலில் நின்றேன். "செல்வி, வெளிய வாம்மா," என்று கூப்பிட்டேன். ரவி வாசலை மறித்தான்.

"டீச்சர், இது எங்க குடும்ப விசயம். உங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"கேட்டுச்சு தம்பி," என்றேன். "எல்லாம் கேட்டுச்சு. சின்னப் புள்ளையிலருந்தே கேக்குது."

அவனுக்குப் பின்னால் பாக்கியம் சித்தி வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மகனைத் தள்ளி விலக்கிக்கொண்டு, செல்வியின் செருப்பை எடுத்து வந்து வாசலில் என் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். செல்வி அதைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள்.

இன்று காலையில் டயகமவில் அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வருவாளா மாட்டாளா, அது அவள் முடிவு. புதன்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போகிறோம். ரவி என் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பா நேற்றிலிருந்து டீவியே போடவில்லை.

வருகிற சனிக்கிழமை மேடம் முன்னால் மறுபடி உட்கார வேண்டும். எதிரில் இருப்பவர் அழுதால் அழட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். கையெழுத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்: இந்த வீட்டில் இனி எவளுடைய அழுகைக்கு மேலும் பாட்டுச் சத்தம் ஏறாது. உங்கள் ஊதாங்குழல் இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. எங்கிருந்தாவது தட்டுங்கள் அம்மா. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்கிறேன், இருபது வருட அழுகையையும் அழுது முடியுங்கள்.

காதில் வாங்காதே என்று நீங்கள் வளர்த்தும் வாங்கிவிட்ட,
உங்கள் மூத்த மகள்
சுமதி