பள்ளத்தில் இறங்கிப் பார்த்த அண்ணிக்கு

எத்தனை சண்டை போட்டாலும் சாப்பாட்டு வேளைக்கு என்னைத் தேடும் என் அண்ணிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அண்ணன் சமைக்கப் பழகிவிட்டார். ரசத்தில் மட்டும் புளியை அள்ளிப் போடுகிறார். மலைப் புளியை அனுப்புவது நான்தான் என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நேற்று இங்கே மலைக்கு ஒரு ஜீப் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் பேசிக்கொள்ளலாமா?

எழுபதுகளின் கடைசியில் நீங்கள் சென்னையில் சுகாதாரத் துறையின் திட்டப் பிரிவில் சேர்ந்தபோது, படவேட்டில் நம் வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்றே விளங்கவில்லை. நர்சான என்னையாவது ஊசி போடுகிறவள் என்று சொல்லிக்கொண்டார்கள். "டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல, அங்க போய் இன்னாதாம்மா பண்ணுவே?" என்று அம்மா கேட்டாள்.

"ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்கணும்னு முடிவு பண்றவங்க பக்கத்துல ஒரு பொம்பளையும் உக்காரணுமில்ல அத்தை," என்றீர்கள். அம்மாவுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

உங்களுக்குக் கொடுத்த முதல் வேலையே மலை ஆஸ்பத்திரிகளைப் பற்றியது. ஜவ்வாது மலையில் நான் இருந்த துணை சுகாதார நிலையமும், எதிர் மேட்டில் இருந்த இன்னொன்றும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. அடிக்கோல் வைத்து அளந்தீர்கள். ஒன்று போதும், என்னுடையதை மூடிவிடலாம் என்று எழுதினீர்கள். எனக்கு மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு மாற்றல் வரும் என்று பேச்சு கிளம்பியது. பஸ், கடைத்தெரு, கொட்டகையில் சினிமா! அண்ணி செய்த நல்லது என்று மலையெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஏன் மலையேறி வந்தீர்கள்? யாரும் அனுப்பவில்லையே. உத்தரவாகும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நீங்களாக லீவு போட்டு வந்தீர்கள்.

எங்கள் மேட்டில் நின்றால் எதிர் மேட்டு வீடுகள் கண்ணுக்குத் தெரியும். இங்கிருந்து குரல் கொடுத்தால் அங்கிருந்து பதில் வரும். மலைக்காரர்கள் சேதி சொல்லிக்கொள்வதே அப்படித்தான். "பாத்தீங்களா அண்ணி, பக்கம்தான்," என்றேன். நீங்களோ நடுவில் கிடந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று காலையில் எங்கள் மேட்டில் வாழ்க்கைப்பட்ட குப்பம்மாள் பிரசவத்துக்குத் தாய் வீடு கிளம்பினாள். அவள் தாய் வீடு எதிர் மேட்டில். "உன் நடையில நட, பின்னாலயே வர்றேன்," என்று அவளோடு இறங்கிவிட்டீர்கள். வேறு வழியில்லாமல் நானும் வந்தேன். வழுக்குப் பாறை, முள், முழங்கால் அளவு ஓடை. உங்கள் புடவை இரண்டு இடத்தில் கிழிந்தது. குப்பம்மாள் வளைவுக்கு வளைவு உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கூழ் குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள் எதிர் மேட்டுக்கு ஏறியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது.

"இன்னிக்கி வலி இல்ல, மெதுவா வந்துட்டேன்," என்றாள் குப்பம்மாள். "வலி கண்டப்புறம் இதுல எப்படிக்கா ஏறுறது?"

நீங்கள் பாறைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள்.  என் வீட்டுக்குத் திரும்பி வந்து காலில் முள் எடுக்கும்போது சொன்னீர்கள். "செல்வி, நான் எழுதுனது தப்பும்மா."

"அப்ப என் மாற்றல்?"

"கோச்சுக்கோ," என்றீர்கள். கோபித்துக்கொண்டேன். அந்தப் பொங்கலுக்கு உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்னையில் இதை முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில் நடந்ததைப் பிறகு அண்ணன் சொன்னார். உங்களுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "நீங்க எழுதினதை நீங்களே மறுக்குறீங்களா?" என்று பெரிய அதிகாரி கேட்டாராம். "ஆமாங்கய்யா. அளந்தது நான், எழுதுனது நான். நடந்து பாத்தவளும் நான்தான்," என்றீர்களாம். மலையில் தூரத்துக்குக் கணக்கு மைல் அல்ல, ஒரு கர்ப்பிணி நடக்கும் நேரம்தான் என்றும் சொன்னீர்களாம். அதற்காக உங்களை நிரந்தரமாக்காமல் இழுத்தடித்தார்கள். என் ஆஸ்பத்திரி மட்டும் தப்பித்தது. அந்தத் தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது அண்ணி? புதிதாகச் சேர்ந்த வேலையில் நான் வாயே திறக்கவில்லை.

குப்பம்மாளின் இரண்டாவது குழந்தை பள்ளத்தில் வெள்ளம் போன மழை நாளில் பிறந்தது. அவள் அம்மாவால் கூட வர முடியவில்லை. என் ஆஸ்பத்திரியில், என் கையில்தான் பிறந்தது. அன்றைக்கே என் கோபமெல்லாம் போய்விட்டது.

நேற்று வந்த ஜீப்பில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். புது ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்க வந்தவர். எதிர் மேட்டுக்குச் சுற்றிக்கொண்டு ஜீப் போகும் என்று சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இல்லீங்க மேடம். மலையில நடந்து பாத்த நேரம்தான் கணக்கு. வேலையில சேந்தப்பவே சொல்லிக் குடுத்தாங்க."

"அந்தக் கணக்கை யார் கொண்டாந்ததுன்னு தெரியுமா?"

"தெரியலீங்க. ரொம்ப நாளா அப்படித்தான் இருக்குதுங்க."

 அவர் பள்ளத்தில் பாதி இறங்கியபோது மேட்டு விளிம்பில் போய் நின்றேன். "எங்க அண்ணி!" என்று கத்தினேன். எதிர் மேட்டிலிருந்து யாரோ "இன்னாஆ?" என்று பதில் கொடுத்தார்கள்.

ஒடுகத்தூர் மாற்றல் இப்போதுதான் வந்திருக்கிறது. திட்டாதீர்கள், முட்டி வலிக்கிறது, போகத்தான் போகிறேன். ஆனால் என் இடத்துக்கு வருகிற பெண்ணை அந்தப் பள்ளத்தில் இறக்கி ஏற்றாமல் போகமாட்டேன். நீங்கள் உட்கார்ந்த பாறையில் அவளை உட்காரவைத்து, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

அன்று கோபித்துக்கொண்ட,
இன்று உங்களைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் உங்கள் நாத்தனார்,
செல்வி