கருப்பின் விளிம்பு

நாள் 429, காலை 9.10

பதிவர்: பிளேவியா மச்சாடோ, வானியலாளர். இடம்: கொற்கை ஆய்வு நிலையம், நெப்டியூனின் நிலாவான டிரைட்டன். ஆள்: ஒன்று. இந்தப் பதிவைப் பின்னாளில் திறக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக எழுத வேண்டும் என்பது விதி.

காற்று, நீர், வெப்பம் சரி. தோட்ட அறையில் கீரை பறித்தேன். பூமிக்கு ஒரு சொல் போய்ச் சேர நான்கு மணி நேரம். இன்று பிழையின்றிச் சேர்ந்தது.

தென்வானத்துக் கருப்புத் திட்டு போன மாதத்தைவிடப் பெரிதாகியிருக்கிறது. அதன் ஓரத்தில், இருபது ஒளியாண்டு தூரத்தில் இருந்த ஒரு மங்கலான விண்மீனைக் காணவில்லை. தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

நாள் 431, பகல் 1.00

பூமியிலிருந்து இயக்குநர் குலசேகரன் பதில் அனுப்பியிருக்கிறார். தூசு மேகம் என்கிறார். அறிக்கையும் தயாராகவே வந்தது. கையெழுத்திட்டேன். என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

நாள் 459, காலை 10.40

இன்னொன்று போய்விட்டது. இது பன்னிரண்டு ஒளியாண்டு தூரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது.

தூசு மறைத்தால் விண்மீன் முதலில் சிவக்கும், பிறகு மெல்ல மங்கும். இது விளக்கை அணைத்ததுபோல அணைந்தது. முப்பது நாளுக்கு முன் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். முதல் விண்மீனும் அப்படித்தான் அணைந்திருக்கிறது.

விண்வெளி என்ற வெற்றிடமே எங்கோ ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. உடைந்த விளிம்பு எல்லாத் திசையிலும் விரிகிறது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில். அது தாண்டிய இடத்தில் அணு இருக்காது. அணுவைக் கட்டிவைக்கும் விதியும் இருக்காது. கல்லூரியில் இதைப் பற்றி ஒரே ஒரு பக்கம் படித்தோம். தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போனோம்.

அணைந்த விண்மீனின் கடைசி ஒளி இங்கே வந்து சேர்ந்த சில நாளிலேயே விளிம்பும் வந்துவிடும். மூன்று முறை கணக்கிட்டேன். நாற்பத்து நான்கு நாள். நாள் 503.

நாள் 460, மாலை 4.15

குலசேகரனின் குரல்: “உங்க கணக்கு சரின்னே வச்சுக்குவோம் டாக்டர். சொல்லி என்ன ஆகப்போகுது? ஓடுறதுக்கு வேற இடம் இருக்கா? இருக்கிற நாளையும் ஜனங்க ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்கிட்டுச் சாகணுமா? தூசுன்னே இருக்கட்டும்.”

ஒரு மணி நேரம் யோசித்தேன். அவர் சொல்வது நியாயமாகப் பட்டது. ஒப்புக்கொண்டேன்.

நாள் 462, காலை 11.30

தூத்துக்குடியிலிருந்து தங்கை ஜெசிந்தா பேசியிருக்கிறாள். அவள் மகள் ரொசாலிக்கு ஒன்பது வயது. இரத்தப் புற்று திரும்பிவிட்டது. மருத்துவர்கள் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போனால் இரண்டு மாதம் பெரிய வலி இல்லாமல் இருப்பாள், பிறகு முடிந்துவிடும். இல்லையென்றால் கண்ணாடி அறை, கடும் மருந்து, புது எலும்பு மஜ்ஜை. ஐம்பது நாள் தாயும் தொட முடியாது. பிழைத்தால் முழுசாகப் பிழைப்பாள்.

கடைசியில் இப்படிக் கேட்கிறாள்: “போன தடவையே புள்ள துடிச்சுப்போயிட்டாக்கா. மறுபடியும் அவளப் போட்டு வதைக்கவான்னு இருக்கு. நீ படிச்சவ. நீ சொல்லுததக் கேக்கேன்.”

நாள் 462, மாலை 5.50

முதல் பதிலில் உண்மையைச் சொன்னேன். அழித்தேன். இரண்டாவதில் உன் இஷ்டம் என்றேன். அதையும் அழித்தேன். மூன்றாவதை அனுப்பினேன்: “சேத்துரு ஜெசி. பிழைச்சுக்கிடுவா.”

குலசேகரனுக்குக் கொடுத்த வாக்கு காரணமில்லை. வீட்டுக்குக் கொண்டு போ என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லும் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

நாள் 473, காலை 9.00

எட்டு ஒளியாண்டில் இருந்த விண்மீனும் போயிற்று. கணக்கு ஒரு மணி நேரம்கூடத் தவறவில்லை. வானத்தில் கால் பங்கு கருப்பு. கீரை பறிக்கவில்லை.

நாள் 481, பகல் 12.20

ஜெசிந்தா சொன்னவை: ரொசாலிக்கு வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கவும் அழுகிறாள். தலைமுடி தலையணையோடு வந்துவிட்டது. முந்திரி மக்ரூன் இனிப்பு வேண்டும் என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள்.

“கண்ணாடில கைய வச்சிக்கிட்டு, என்னையத் தூக்கும்மான்னு கேக்கா. நான் அந்தப் பக்கம் கைய வச்சிக்கிட்டு நிக்கேன். பெரியம்மா சொல்லிருக்கா, நீ பிழைச்சுருவன்னு சொல்லிச் சொல்லித்தாங்க்கா படுக்க வைக்கேன்.”

503-க்கு இன்னும் எத்தனை நாள் என்று மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு.

நாள் 487, இரவு 11.30

புது மஜ்ஜை பிடித்துவிட்டதாம். இன்னும் மூன்று வாரம் கண்ணாடிக்குள் கிருமி படாமல் இருந்தால் போதும் என்று மருத்துவர் சொன்னாராம். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அழுகிறாள்.

மூன்று வாரம். என் கணக்கில் பதினாறு நாள்.

குலசேகரனோடு பேச வேண்டும் என்று அனுப்பினேன். அவருடைய உதவியாளர் எழுதுகிறார்: இயக்குநர் நாள் 461-இலேயே நீண்ட விடுப்பில் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார். இத்தனை நாளும் அவர் பெயரில் வந்த பதில்கள் இயந்திரம் எழுதியவை.

ஊரே தூசு என்று நம்ப வேண்டும். அவர் மட்டும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும்.

நாள் 488, காலை 8.05

நான்கு ஒளியாண்டில், வெறும் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன் அணைந்தது. பூமியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பொது அலைவரிசையைத் திறந்து என் பெயரையும் கணக்கையும் தேதியையும் சொன்னேன். இன்னும் பதினைந்து நாள், பிடித்தவர்களோடு இருங்கள் என்றேன். தூசு அறிக்கையில் கையெழுத்திட்டவளும் நான்தான் என்றேன்.

நாள் 490, பகல் 2.30

ஜெசிந்தா: “மொதல்லயே சொல்லிருக்கலாம்லா.” “நர்சுங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் கதவத் தெறந்து அவளத் தூக்கிட்டு வந்துட்டேன். பதிமூணு நாளுதான, என் மடியிலேயே கெடக்கட்டும்.”

நாள் 494, மாலை 6.10

ரொசாலி மக்ரூன் தின்றாளாம், வாய்ப் புண்ணோடு. ஜெசிந்தா அவளைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனாளாம். மூன்றாம் நாள் காய்ச்சல். மருத்துவமனையில் ஆள் இல்லை, மருந்துக் கடைகளை உடைத்து அள்ளிப் போயிருக்கிறார்கள். இன்று காலை ரொசாலி இறந்துவிட்டாள்.

“நாலு நாளு என் மேலயே கெடந்தாக்கா. நீ உண்மையச் சொன்னதாலதான் அதாவது கெடச்சுது. உம்மேல கோவம் இல்ல.”

இதைப் பதினொரு முறை கேட்டேன்.

நாள் 496, காலை 10.00

தோட்ட அறையை மூடினேன். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பிரித்து, அதன் கம்பிச் சுருளை உருக்கிப் புது இணைப்பு போட்டு, மின்சாரத்தை அலைவாங்கிக்குக் கொடுத்துவிட்டேன். கடைசிவரை ஊர்க் குரல் கேட்க வேண்டும். ஏழு நாளுக்குத் தொட்டிக் காற்று போதும், அதற்கு மேலேயே இருக்கிறது. பூமியிலிருந்து வருவதில் பாதி அலறல். பெரிய நகரங்கள் எரிகின்றன.

நாள் 503, பகல் 2.20

நேரம் ஆகிவிட்டது.

நாள் 503, பகல் 2.50

இருக்கிறேன்.

நாள் 503, மாலை 7.00

இன்னும் இருக்கிறேன். எங்கே தவறினேன்?

நாள் 505, காலை 11.00

தவறவில்லை. வழியில் அதன் வேகம் குறைந்துவிட்டது. கருப்பின் விளிம்பு ஏறக்குறைய நின்றுவிட்டதுபோல ஊர்கிறது. ஏன் என்று தெரியாது. தெரிந்து சொல்லக்கூடிய யாரும் இப்போது பூமியில் வேலை பார்க்கவில்லை. இரண்டு நாள் படங்களை வைத்து அளந்தேன். ஐந்து முறை.

வரும். கட்டாயம் வரும். பத்தொன்பது ஆண்டு கழித்து.

என்னிடம் ஒன்பது நாள் காற்று. சுத்திகரிப்பியின் சுருளை உருக்கிவிட்டேன், மறுபடி பூட்ட முடியாது. மீட்புக் கலம் கேட்டேன். ஏவுதளம் பதில் தரவில்லை.

நாள் 506, காலை 9.30

சொல்லாமல் இருந்துவிடலாம். எட்டு நாளில் நான் இல்லை. ஆனால் அங்கே இன்னும் அடித்துக்கொண்டு சாகிறார்கள், நாளைக்கு முடிந்துவிடும் என்று. சொன்னால் நிறுத்துவார்கள். சொன்னால் ஜெசிந்தாவும் கேட்பாள்.

பொது அலைவரிசையில் சொல்லிவிட்டேன். பத்தொன்பது ஆண்டு. இரண்டு முறை சொன்னேன்.

நாள் 506, மாலை 5.40

தங்கையிடமிருந்து ஒரே ஒரு வரி. எழுத்தில் வந்திருக்கிறது, குரலில் இல்லை.

“கண்ணாடிக்குள்ளயே விட்டிருந்தா ரொசாலி பிழைச்சிருப்பாளா?”

நாள் 506, மாலை 6.30

மஜ்ஜை பிடித்துவிட்டது. நர்சுகள் இருந்திருப்பார்கள். மருந்து இருந்திருக்கும். நான் பேசாமல் இருந்திருந்தால். முதலில் பொய் சொல்லி அவளை அங்கே அனுப்பினேன், பிறகு உண்மை சொல்லி வெளியே எடுக்க வைத்தேன். தெரியாது என்று எழுதலாம். நம்புவாள். இதற்கு முன்னும் நம்பினாள்.

நாள் 506, மாலை 6.50

ஆமா என்று அனுப்பினேன்.

போய்ச் சேர நான்கு மணி நேரம். பத்து நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் மூன்று மணி ஐம்பது நிமிடம் ஜெசிந்தாவுக்குத் தெரியாது.