வளையத்தின் பின்பக்கம்

அக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. நேற்று உங்கள் மகள் அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி, பட்டறைக்கே வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். "அம்மா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க, அங்கிள்." பிரித்தால், பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற அந்தச் சின்னக் கண்ணாடி. காம்பில் நீங்கள் சுற்றிய சிவப்பு நூல் இன்னும் அவிழவில்லை.

முதலில் வந்தது கோபம்தான்.

பல வருடங்களுக்கு முன், மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரை நான் முதல்முறை தனியாகச் செய்த நாள் நினைவுக்கு வந்தது. செப்புத் தண்டுகளை அரத்தால் தேய்த்து, துளியும் ஆடாதபடி செப்பு வளையத்தின் துளைகளில் சுத்தியலால் அடித்து இறக்கினேன். தீயில் வளையம் சிவந்ததும், பற்றவைக்க வெள்ளிக்கம்பியை வைத்தேன். உருகிச் சுற்றிலும் மினுங்கியது. சோதனை மேசையில் இருந்த நீங்கள் கண்ணாடியை வளையத்துக்குப் பின்னால் நீட்டினீர்கள்.

"முன்னால அழகாத்தான் இருக்கு தம்பி. பின்னால வெள்ளி வரவே இல்ல லா. ரிஜெக்ட்."

"சர்டிபிகேட் இல்லாதவன் செஞ்சா எல்லாம் ரிஜெக்ட்தானேக்கா?"

"சர்டிபிகேட்டையா நான் கண்ணாடியில பாக்குறேன்?"

பட்டறையே சிரித்தது. பல மாதம் உங்களோடு நான் பேசவில்லை.

உங்களைப் பொய்யாக்கவே ஒரு மதிய இடைவேளையில் அந்த வளையத்தை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே வெள்ளி இறங்காமல் காய்ந்து கிடந்தது. நான் இறுக்கிப் பொருத்தியதுதான் கேடு. உருகிய வெள்ளி நுழைய மயிரிழை இடைவெளிகூட விடவில்லை. துண்டுகளைக் கழிவுத் தொட்டியில் போட்டு மூடினேன். எவ்வளவு இடைவெளி, எவ்வளவு சூடு என்பதையெல்லாம் பிறகு நானே அறுத்து அறுத்துக் கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்ற நாளில் கேட்டீர்கள்: "அந்த ரோட்டர என்னப்பா பண்ண?"

"தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அறுத்துப் பார்த்ததை மறைத்துவிட்டேன்.

இன்று காலை ஒரு ரோட்டரை முடித்தேன். அதை ஏற்றிப்போக வாசலில் லாரி நின்றது. கண்ணாடியை எடுத்ததும் முதலாளி சிரித்தார்.

"என்ன அங்கிள், பல்லு பாக்குறீங்களா? உங்க வேலைய யாரு செக் பண்ணப்போறா?"

வளையத்தின் பின்னால் தண்டு தண்டாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் சுற்றி வெள்ளி மெல்லிய கோடாக வந்திருந்தது, ஒன்றைத் தவிர.

"ரிஜெக்ட்" என்றேன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

லாரி வெறுமையாகத் திரும்பியது.

அன்று நீங்கள் சொன்னது சரி, அக்கா. எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு; அதில் என் எண்ணம் இன்றும் மாறவில்லை. கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.