சிவப்பு அட்டை இல்லாத ஆட்டம்

சான் ஹோசே,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா சுகர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார்களா? நான் சௌக்கியம். எனக்கு அடி எதுவும் படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடித்தது நான்தான்.

ஆபீஸில் கிரெய்க் என்ற ஆஸ்திரேலியக்காரன் என்னை அவர்கள் ஊர் ஃபுட்பாலில் சேர்த்துவிட்டான். பந்தையும் பிடிக்கலாம், ஆளையும் பிடிக்கலாம். கபடி ஆடிய உடம்புக்கு ஒத்துப்போகிறது. நேற்று பந்தெடுக்கக் குனிந்த எதிரணிக்காரன் தலையில் என் தோள் பலமாக மோதிவிட்டது. எழுந்து உட்கார அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. டாக்டர் பார்த்தார், பயமில்லையாம். நடுவர் பந்தை அவர்கள் பக்கம் கொடுத்தார், அவ்வளவுதான். எங்கள் கிளப் விதியில் ஆளை வெளியே அனுப்புவது கிடையாது. அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று ஆஸ்திரேலியக்காரர்களுக்குள்ளேயே சண்டை.

என் கால் தானாக எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. ஏன் போகிறாய் என்று கிரெய்க் கத்தினான். "எங்கப்பா கபடி ரெஃப்ரி" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோபியில் நடந்த கபடி மேட்ச்சில் நீங்கள் எனக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினீர்களே, அன்று ஆட்டம் முடிந்ததும், "வா கண்ணு, பசிக்குமல்ல" என்று கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தீர்கள். நேற்று நானாக வெளியே வந்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிடத்தான் ஆளில்லை.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்ல வேண்டாம். பருப்புப்பொடி மட்டும் கொஞ்சம் கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள். அடிபட்டவனைப் பார்க்கக் கிளம்புகிறேன்.

உங்கள்
ஜெயபிரகாஷ்